கணினியில் நகரும் பல்லை நம்பாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மேல்வரிசைப் பற்கள் தூக்கலாகவும் நெருக்கியடித்தும் இருக்கின்றன. ஒரு மருத்துவர் உலோகக் கிளிப் போதும் என்கிறார். இன்னொரு இடத்தில், பல்லின் மேல் கழற்றி மாட்டும், வெளியே தெரியாத பிளாஸ்டிக் உறையான அலைனர்தான் நல்லது என்று கணினியில் வீடியோவே போட்டுக் காட்டினார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த வீடியோவை முதலில் மறந்துவிடுங்கள். அதில் அரை நிமிடத்தில் பல் வரிசைக்கு வந்துவிடும். வாயில் அதே பல், எலும்புக்குள் புதைந்திருக்கும் வேரையும் இழுத்துக்கொண்டு மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

தூக்கலும் நெருக்கமும் சேர்ந்திருந்தால் என் முதல் தேர்வு உலோகக் கிளிப்தான். ஒட்டிவிட்டால் பிள்ளையால் கழற்ற முடியாது, அதுவே அதன் பலம். அலைனரை நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, டிஷ்யூவில் சுற்றிவைத்து, டிஷ்யூவோடு குப்பையில் போட்டுவிட்டு வந்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

உலோகம் பளிச்சென்று தெரிகிறதே என்றால், பல் நிறத்திலேயே செராமிக் கிளிப் உண்டு. ஆனால் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடும் வாய்க்கு, கீழ்வரிசையில் செராமிக் வேண்டாம். பல்லின் மேற்பூச்சான எனாமலைவிடச் செராமிக் கடினம். கடிக்கும்போதெல்லாம் மேல்பல்லின் முனை அதில் உரசித் தேயும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. மகளைப் பின்பற்கள் சேரக் கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்கள். கீழ் முன்பற்கள் கண்ணிலேயே படவில்லையா? மேலே செராமிக், கீழே உலோகம் என்று கலந்து போடச் சொல்லிக் கேளுங்கள். அப்படிப் போடுவது வழக்கம்தான்.

கம்பியைத் தானே பூட்டிக்கொள்ளும் கிளிப் பாதிக் காலத்திலேயே வேலையை முடித்துவிடும் என்பார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

கிளிப்பின் வகையைவிட, போடுகிறவர் யார் என்பதுதான் எனக்குக் கவலை. ஸ்கேன் எடுத்து எங்கோ ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு, வந்த அலைனர் பெட்டியைக் கையில் கொடுப்பதற்கும் சிகிச்சை என்றுதான் பெயர். தட்டிக்கேட்க ஆளில்லை. அதனால் நீங்களே கேளுங்கள்: பல் சீரமைப்பில் தனியாக மேற்படிப்பு படித்தவரா? தாடை எக்ஸ்ரே பார்த்துத்தான் முடிவு செய்தாரா? கடைசிவரை அவரேதான் பார்ப்பாரா? இன்றைக்கே முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடி என்று இழுத்தால், சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிடுங்கள்.

அப்புறம், சொன்ன தொகையில், பற்களை நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரும் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். கிளிப்பைக் கழற்றிய பிறகு அதைப் போடாவிட்டால் பற்கள் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும்.