பீப் சத்தம் வருது, டிஸ்பிளே வரல: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தொல்லையைப் பற்றியவை. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, பீப் கேட்கிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. அதனால் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பக்கத்துக் கடையில் காட்டினேன். விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும் என்கிறார்கள். பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது, சார்? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: அம்மா, தயவுசெய்து ஃபார்மட் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். பட்டனை அழுத்தியதும் முதலில் வேலை செய்வது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் பயாஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. அதுதான் முதலில் எழுந்து புராசஸர், ரேம் (தற்காலிக மெமரி), டிஸ்பிளே ஆகியவை ஒழுங்காக இருக்கின்றனவா என்று சோதிக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் ஹார்டு டிஸ்க்கைத் தேடிப் போய் விண்டோஸை எழுப்பும். திரையில் எழுதிக் காட்ட வழியில்லாத கட்டத்திலேயே கோளாறு தெரிந்துவிட்டால், பீப் அடித்துச் சொல்கிறது. அதாவது உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் பக்கமே போகவில்லை. விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் இந்தச் சத்தம் நிற்காது, படங்கள்தான் அழியும்.

ஒன்றை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் ஹார்டு டிஸ்க்கிலிருந்தே டிக் டிக் என்று தட்டுவது போல வந்தால் அது வேறு பிரச்சினை, உடனே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் படங்கள் பத்திரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளலாம். பீப் கோளாறைக் கண்டுபிடிக்க அது தேவையில்லை. சாட்டா என்ற இணைப்பு வகை டிஸ்க்காக இருந்தால் யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் செருகிப் படங்களை எடுத்துவிடலாம். விண்டோஸ் 10, 11 கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் அது அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலும் இதே எண்ணைக் கேட்கும் என்பதால் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 5 பீப் வருகிறது. ஒரு பட்டியலில் புராசஸர் போய்விட்டது என்றிருக்கிறது, இன்னொன்றில் பேட்டரி என்றிருக்கிறது. எதை நம்புவது? (வாசகர், கரூர்)

பதில்: இரண்டுமே சரிதான். பீப் கணக்கு எல்லா பயாஸுக்கும் பொது அல்ல, ஏஎம்ஐ, அவார்ட், பீனிக்ஸ் என்று அதைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய ஏஎம்ஐ பயாஸில் 5 பீப் என்றால் புராசஸர் கோளாறு. டெல் நிறுவனத்தின் பல டெஸ்க்டாப்களில் அதே 5 பீப் என்றால் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், மற்றதற்கு ஒரு பேட்டரி வாங்கினால் போதும். எனவே எண்ணிக்கைக்கு முன்னால் மதர்போர்டு எது, பயாஸ் யாருடையது என்று பாருங்கள். பிராண்டட் கணினி என்றால் மாடல் எண் கேபினட்டில் ஒட்டியிருக்கும். அசெம்பிள் செய்தது என்றால் மதர்போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த மாடலின் கையேட்டில் உள்ள பட்டியலை மட்டுமே நம்புங்கள்.

எண்ணும்போது குட்டை பீப், நீள பீப் என்று பிரித்துக் குறியுங்கள். செல்போனில் பதிவு செய்துவிட்டு நிதானமாகக் கேட்பது நல்லது. அவார்ட் பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தால் கிராபிக்ஸ் கார்டு பக்கம் பார்க்க வேண்டும். நீள பீப் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால் ரேம். ஏஎம்ஐயில் 8 குட்டை பீப் என்றால் டிஸ்பிளே மெமரி. டெல்லில் 2 என்றால் ரேமே தெரியவில்லை, 4 என்றால் ரேம் இருக்கிறது ஆனால் சரியாக இயங்கவில்லை. பீனிக்ஸ் பயாஸ் இடைவெளி விட்டு 1-3-1-1 என்பது போலக் கூட்டம் கூட்டமாக அடிக்கும். அதைக் காதால் மட்டும் கேட்டு எண்ணுவது சிரமம், பதிவு செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: ஆயுத பூஜைக்காகக் கேபினட்டைத் திறந்து ப்ளோயரால் தூசி அடித்தேன். பூஜை முடிந்து போட்டால் நீளமாகப் பீப் வருகிறது. நன்றாக இருந்ததை நானே கெடுத்துவிட்டேனா? (வாசகர், நாமக்கல்)

பதில்: கெட்டிருக்காது, கவலைப்படாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி பூஜை முடிந்ததும் இந்தக் கேள்வி வரிசையாக வரும். ப்ளோயர் அடித்த வேகத்தில் ரேம் லேசாக நகர்ந்திருக்கும், இல்லையென்றால் தூசி ஸ்லாட்டுக்குள் போயிருக்கும்.

சுவிட்சை அணைத்துப் பவர் வயரையும் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு, ரேம் ஸ்லாட்டின் ஓரத்திலுள்ள கிளிப்பை விரித்து ரேமை நேராக மேலே எடுங்கள். அடியில் தங்க நிறத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கால்கள் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகவோ கறுப்புத் திட்டாகவோ இருந்தால் அங்கேதான் தொடர்பு விட்டுப்போகிறது. கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வரும்.

ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பென்சில் எழுத்தை அழிக்கும் மெத்தென்ற வெள்ளை ரப்பரால் இரண்டு மூன்று தடவை லேசாக இழுக்கலாம். பேனா மையை அழிக்கும் கரகர ரப்பரும் உப்புத்தாளும் கூடவே கூடாது, தங்கப் பூச்சு மிக மெல்லியது. ரப்பர் துகள் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைத்தால் பஞ்சில் தொட்டுத் துடைப்பது இன்னும் நல்லது. காலிலுள்ள வெட்டும் ஸ்லாட்டிலுள்ள மேடும் நேராக வருகின்றனவா என்று பார்த்து, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். கிளிப் டக்கென்று தானாக மூட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பயந்துகொண்டு அரைகுறையாக அழுத்துவதால்தான் பாதிப் பேருக்குச் சரியாவதில்லை.

இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ரேம் மட்டும் கத்தினால் ரேம்தான் குற்றவாளி. எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் கத்தினால் ஸ்லாட். ரேமுக்குப் பல நிறுவனங்கள் நீண்ட உத்தரவாதம் தருவதால் பில்லைத் தேடி எடுங்கள்.

அடுத்த ஆண்டு ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். சந்தனம் குங்குமத்தைக் காற்றுத் துளை இல்லாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து பீப் வருகிறது. லேசர் பிரின்டர் போட்டால் இன்னும் அதிகம். (ஜெராக்ஸ் கடைக்காரர், விருத்தாசலம்)

பதில்: அது கம்ப்யூட்டர் இல்லை, யுபிஎஸ். கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் சத்தம் வந்தால் உறுதி. லேசர் பிரின்டர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். சிறிய யுபிஎஸ் அதைத் தாங்காமல் கத்துகிறது. பிரின்டரை இன்றே நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். அதன் பிறகும் விட்டுவிட்டுக் கத்தினால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி தளர்ந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பேட்டரி வயிறு உப்பியிருந்தால் ஒருநாள்கூட வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி நானே அசெம்பிள் செய்தேன். ஃபேன், லைட் எல்லாம் ஓடுகிறது. டிஸ்பிளே இல்லை, பீப்பும் இல்லை. (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: தம்பி, பீப் இல்லாததற்குக் காரணம் ஸ்பீக்கர் இல்லாததாகத்தான் இருக்கும். இப்போதைய கேபினட்டுகளில் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. நான்கு துளை கொண்ட குட்டி பஸ்ஸர் ஒன்று வாங்கி, மதர்போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கும் பின்களில் செருகுங்கள். அதுவரை மதர்போர்டின் ஓரத்தில் சிபியு (புராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்பிளே), பூட் (விண்டோஸை எழுப்பும் கட்டம்) என்ற பெயர்களுடன் நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

முதலில் புராசஸர் பவர் வயர். 24 பின் வயரைச் செருகிவிட்டு, போர்டின் மேல் மூலையில் இருக்கும் 4 அல்லது 8 பின் வயரை மறப்பவர்கள் ஏராளம். ஃபேன் ஓடும், வேறெதுவும் நடக்காது. அடுத்து, இன்டெல் புராசஸர் பெயர் 12400எஃப் என்பது போல எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகினால் படம் வராது, கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். கார்டுக்குத் தனிப் பவர் வயர் உண்டா என்றும் பாருங்கள். டிடிஆர்5 ரேம் என்றால் இன்னொன்று: முதல் முறை போடும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அவசரப்பட்டு நிறுத்தி நிறுத்திப் போடாதீர்கள்.

பஸ்ஸர் வந்ததும் ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ரேம் இல்லை என்று அது கத்தினால் நல்ல செய்தி, மதர்போர்டும் புராசஸரும் உயிரோடு இருக்கின்றன. அப்போதும் மௌனம் என்றால் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி), போர்டு, புராசஸர் இந்த மூன்றில் ஒன்று.

கேள்வி: போட்டவுடன் குட்டை குட்டையாகப் பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது. சில நாள் வருவதில்லை. (ஆசிரியை, பெரம்பலூர்)

பதில்: கீபோர்டைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு கீ அமுங்கிய நிலையில் சிக்கியிருந்தாலோ, மேலே விடைத்தாள் கட்டு, நோட்டு எதுவும் சாய்ந்திருந்தாலோ இப்படி ஆகும்.

கேள்வி: பத்து வருடக் கம்ப்யூட்டர். காலையில் முதல் முறை பீப் அடித்து நின்றுவிடும். நாலைந்து தடவை போட்டால் வந்துவிடும். தேதியும் தப்பாகக் காட்டுகிறது. (வாசகர், கும்பகோணம்)

பதில்: தேதி தப்புவதற்குக் காரணம் சிஆர் 2032 பட்டன் பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியது இறங்கிவிட்டது. அதை மாற்றுங்கள், தேதி நிற்கும். காலையில் மட்டும் தகராறு செய்வது வேறு. குளிர்ந்திருக்கும்போது மறுத்து, கொஞ்சம் சூடேறியதும் வருவது தளர்ந்துபோன கெப்பாசிட்டரின் குணம். புராசஸரைச் சுற்றி நிற்கும் சிறிய உருளைகள்தான் கெப்பாசிட்டர்கள், அவற்றின் தலையைப் பக்கவாட்டில் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறப் பிசின் கசிந்திருந்தாலோ போர்டின் காலம் முடிகிறது.

போர்டு சுத்தமாகத் தெரிந்தால் நண்பரிடம் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி இரண்டு காலை போட்டுப் பாருங்கள். தொல்லை நின்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.