இன்டருக்கும் ஃபைனலுக்கும் நடுவில்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு மண்டபம். அப்பாவும் நானும் ஒரே விசைப்படகில் பங்குக்குப் போகிறோம். தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், காமர்ஸ் குரூப், தமிழ் மீடியம், கணக்குப்பதிவியலில் நல்ல மார்க். சிஏ, அதாவது ஆடிட்டர் ஆகிற படிப்பு, படிக்க வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் 'அது முடியவே முடியாத படிப்பு, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு' என்கிறார்கள். நான் விசாரித்தவரை மூன்றரை வருடம் என்றார்கள், அவ்வளவுதான் என்றால் சமாளித்துவிடலாம். அதை முடித்தவர் நீங்கள், என்னென்ன கட்டம், எங்கே மாட்டுவோம் என்று சொல்லுங்கள்.

பி.கு: தங்கச்சி உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு கழித்துவிட்டு மீதியைப் பங்கு வைக்கிறார்களே, என்ஜின் தேய்மானம் எங்கே போனது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன்.

மூன்றரை வருடம் என்பது தப்பில்லை. முதல் தேர்வான பவுண்டேஷனுக்கு நான்கு மாதம், இரண்டாவது தேர்வான இன்டருக்கு எட்டு மாதம், ஆடிட்டரிடம் பயிற்சியில் இருக்கிற ஆர்ட்டிகிள்ஷிப் இரண்டு வருடம், அது முடிந்து ஆறு மாதம் கழித்துக் கடைசித் தேர்வான ஃபைனல், கூட்டினால் 42 மாதம். 2023ல் வந்த புதிய திட்டத்தின் கணக்கு இது, எங்கள் காலத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மட்டுமே மூன்று வருடம். ஆனால் இந்த 42 மாதத்துக்குள் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்கள் இல்லை, ஒரு பேப்பர் போவது இல்லை, ஆபீஸ் கிடைக்காமல் அலைவது இல்லை. காற்றையும் நீரோட்டத்தையும் விட்டுவிட்டு டீசல் கணக்குப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. வீட்டில் ஐந்து வருடம் என்று சொல்லி வையுங்கள்.

பவுண்டேஷன் நான்கு பேப்பர், 400 மார்க். ஒவ்வொன்றிலும் 40 வேண்டும், மொத்தத்தில் 200 வேண்டும். கணக்குப்பதிவியலும் சட்டமும் விரிவாக விடை எழுதும் பேப்பர்கள். மற்ற இரண்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பேப்பர்கள், தப்பான விடைக்குக் கால் மார்க் போய்விடும், அதனால் தெரியாததைக் குத்துமதிப்பாகக் குறிக்கும் பழக்கத்தை இப்போதே விடச் சொல்லுங்கள். தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று தடவை. ஜனவரியில் எழுத வேண்டுமென்றால் செப்டம்பர் 1க்குள் பதிந்திருக்க வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மே மாதத் தேர்வு எப்போதும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள்தான் விழும், ஏப்ரல் 15லிருந்து 61 நாள் படகு கரையில் கிடக்கிறபோது தேர்வுக்குப் போய்வரும் செலவுக்கு யாரிடமாவது போய் நிற்க வேண்டியிருக்கும். எனக்கு ஒரு வருடம் அம்மாவின் தோடு அதற்குத்தான் போனது.

தமிழ் மீடியம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சிஏ தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. இதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ப் பணம் கட்ட வேண்டாம், அது வேறு சரக்கு. நான் செய்தது, ஒரு கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் இருப்பாய்வு, வலது பக்கம் ட்ரையல் பேலன்ஸ், இடது பக்கம் நற்பெயர், வலது பக்கம் குட்வில் என்று பள்ளிக்கூடப் புத்தகம் முழுவதையும் எழுதினேன், மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. கணக்குப் பேப்பரில் மொழி அப்புறம் தொந்தரவே தரவில்லை. சட்டப் பேப்பர்தான் படுத்தும், அதில் ஒரு வரி விடையையாவது தினமும் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். இந்தப் படிப்பை நடத்தும் சிஏ இன்ஸ்டிடியூட்டே பாடப் புத்தகம், மாதிரித் தேர்வு, ஆன்லைன் வகுப்பு எல்லாம் இலவசமாகத் தருகிறது, முதல் முயற்சிக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. பவுண்டேஷன் சரியாக வரவில்லை என்றால் குடி முழுகிவிடாது. ராமநாதபுரத்திலேயே பி.காம் சேர்ந்து 55 சதவீதம் எடுத்தால் நேராக இன்டருக்குப் போகலாம்.

இன்டர் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று பேப்பர். விதி அதேதான், தலா 40, குரூப்பில் மொத்தம் 150. கேட்கும்போது சின்ன மார்க் மாதிரித் தெரியும். நான் இரண்டாவது குரூப்பில் எல்லாப் பேப்பரிலும் 40ஐத் தாண்டி, மொத்தம் 148 எடுத்தேன். இரண்டு மார்க். அன்றைக்குத் தங்கச்சிமடம் பஸ் ஸ்டாண்டில் பிரவுசிங் சென்டர்க்காரர் காசு வாங்கவில்லை. ஒரே ஆறுதல், ஒரு பேப்பரில் 60 வந்துவிட்டால் அதற்கு எக்ஸெம்ப்ஷன், அடுத்த மூன்று தடவைக்கு அதைத் திரும்ப எழுத வேண்டாம். எனக்கு அதுவும் 58ல் நின்றது, சரி விடுங்கள்.

நீங்கள் மாட்டப்போகும் இடம் இதற்கு அடுத்தது. இரண்டு குரூப்பும் முடிந்து, கம்ப்யூட்டருக்கும் ஓரியண்டேஷனுக்குமான நான்கு வார வகுப்பும் முடிந்த பிறகு, ஒரு ஆடிட்டரிடம் இரண்டு வருடம் ஆர்ட்டிகிளாக இருக்க வேண்டும். முழுநேர வேலை. ஸ்டைபெண்ட் என்று மாத உதவித்தொகை தருவார்கள், அது மதுரையில் ஹாஸ்டல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. மண்டபத்திலிருந்து மதுரைக்கு ரயிலில் மூன்று மணி நேரம், தினமும் போய்வர முடியாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மார்க் வராமல் இல்லை, இன்டர் பாஸ் பண்ணிவிட்டு, 'இனிமேல் சம்பாதிக்குமே' என்று வீடு நினைக்கிற நேரத்தில் இன்னும் இரண்டு வருடம் வீட்டிலிருந்து பணம் போக வேண்டும் என்று யாரும் முன்னாலேயே சொல்லாததால். மாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று இப்போதே அப்பாவிடம் பேசுங்கள். முடியாது என்றால் ராமநாதபுரத்தில் நல்ல ஆடிட்டர் ஆபீஸாகப் பாருங்கள், தினமும் போய் வரலாம். சின்ன ஊர் ஆபீஸில் ஜிஎஸ்டி, வருமான வரி, பேங்க் ஆடிட் என்று எல்லாம் கைக்கு வரும். சேரும் முன் அங்கே இருக்கும் பழைய ஆர்ட்டிகிள் யாரிடமாவது 'ஆடிட்டுக்கு வெளியே கூட்டிப்போவார்களா, டேலி சாஃப்ட்வேரில் பில் போடத்தான் விடுவார்களா' என்று கேட்டுவிடுங்கள்.

அந்த வேலையில் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒரு சௌகரியம் உண்டு. மார்ச் 31 ராத்திரி ஒரு குளிர்கிடங்கில் இறால் இருப்பு எண்ணப் போனோம். பல் கிட்டுகிற குளிர், பேனா எழுதவில்லை, பென்சிலால் பெட்டிக்குப் பெட்டி டிக் அடித்துக்கொண்டு போகிறோம். பெட்டியில் 16/20 என்று ஒட்டியிருந்தது, அதாவது ஒரு பவுண்டுக்குப் பதினாறிலிருந்து இருபது இறால். சீனியர் சென்னைப் பையன், எண்ணிக்கை சரியாக இருந்தது, கிளம்பலாம் என்றான். நான் ஒன்றைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே கிடந்தது 31/40 சைஸ், விலையில் பாதிதான் தேறும். எடை போடவே வேண்டியிருக்கவில்லை, அம்மாவோடு ஏலக் கூடத்தில் நின்ற கண்ணுக்கு அது தெரியாதா?

ஃபைனல் ஆறு பேப்பர், அதற்கு முன் ஆன்லைனில் நான்கு மாட்யூல் முடிக்க வேண்டும். ஆறாவது பேப்பரைப் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம், அதைக் கேட்டு யாரும் சந்தோஷப்பட வேண்டாம், தேடுகிற விடை அந்தப் புத்தகத்தில் இருக்காது. நான் நான்காவது தடவையில் பாஸ். மற்றதை அவள் இன்டர் முடித்ததும் எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு தகவல் மட்டும். இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் ஆர்.சிவபோகம் நம் மாநிலத்துக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் வேலூர் சிறைக்குப் போய் வந்து, 1933ல் ஜி.டி.ஏ. என்ற அந்தக் காலத்துக் கணக்கியல் டிப்ளமோவை முடித்தவர். சிஏ இன்ஸ்டிடியூட் தொடங்கியதே 1949ல்தான்.

இப்போது தங்கச்சியின் கேள்வி. என்ஜின் தேய்மானம் படகு முதலாளியின் பங்குக்குள் இருக்கிறது. பங்கு விகிதம் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அந்தப் பங்கில் இவ்வளவு லாபம், இவ்வளவு தேய்மானம் என்று யாரும் பிரித்து எழுதுவதில்லை. அதனால் என்ஜின் போகிற வருடம் கையில் ஒன்றும் இருக்காது, முதலாளி மீன் வாங்கும் வியாபாரியிடம் போய் முன்பணம் கேட்டு நிற்பார். அந்த முன்பணத்துக்கு வட்டி என்று நோட்டில் ஒரு வரியும் இருக்காது, கிலோவுக்குக் குறைத்துப் போடுகிற விலையில் அது கழிந்துகொண்டிருக்கும், உங்கள் பங்கிலிருந்தும் சேர்த்து. அதே நாளில் அதே மீன் முன்பணம் வாங்காத படகுக்கு என்ன விலைக்குப் போனது என்று நீங்கள் கரையில் கேட்டுச் சொல்லுங்கள், அவள் ஒரு மாதத்துக்கு வித்தியாசத்தை எழுதி எனக்கு அனுப்பட்டும்.