சைக்கிளுக்கு எதற்குத் தறப்பாள்?

கேள்வி: எனக்கு ஒரே மகள், 14 வயது. இரவு 12 மணி வரை நித்திரை கொள்கிறாள் இல்லை, காலையில் எழுப்பவே முடியாது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். உடம்பும் வைத்துவிட்டது. பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீற்றர்தான். நான் ஸ்கூட்டியில் ஏற்றி இறக்குகிறேன், ரியூசனுக்கும் அப்படித்தான். சாமத்தியவீட்டோடு அவளின் சைக்கிளைத் தறப்பாள் போட்டுக் கட்டிவிட்டோம். சுவிஸில் இருக்கும் இவர், மாதக் காசுக்கு ஓட்டோ பிடிக்கச் சொல்கிறார். நான் 82 இல் பிறந்தவள், எங்கள் காலத்தில் பிள்ளைகள் இப்படி இருக்கவில்லை. ஏதும் சத்து மருந்து கொடுக்கலாமா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: சத்து மருந்தைப் பிறகு பார்ப்போம். கடிதத்தில் ஒரு வரியை மட்டும் ஓட்டமாகக் கடந்து போயிருக்கிறீர்கள், நான் அதிலேயே நின்றுவிட்டேன். பிள்ளை பெரியவளானதுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம், தங்கச்சி? மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, ஊரைக் கூப்பிட்டு, 'என் மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள்' என்று சொன்னீர்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்த கையோடு அவளைப் பாலர் வகுப்புப் பிள்ளை போல ஸ்கூட்டிக்குப் பின்னால் ஏற்றிவிட்டீர்கள். எரிந்து விழாமல் என்ன செய்வாள்?

82 இல் பிறந்தவர் என்றால், போரில் யாழ்ப்பாணமே ஊரை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வின்போது உங்களுக்கு 13 வயது. அதற்கு முந்திய வருடங்களில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு போகும். யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, வெள்ளைச் சீருடையோடு எத்தனை பெண் பிள்ளைகள் ஒழுங்கை ஒழுங்கையாக மிதித்துப் போனார்கள்! குண்டு விழுகிற ஊரில் உங்கள் அம்மாவின் தலைமுறைத் தாய்மார் பிள்ளைகளைப் படலைக்கு வெளியே விட்டார்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள், சனத்தின் வாய்க்கா?

5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், மூச்சு வாங்குகிற அளவுக்கு, என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019 இல் அது வெளியிட்ட 146 நாடுகளின் கணக்கில், 11 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளில் 85 வீதம் பேருக்கு அது கிடைப்பதில்லை. ஆண் பிள்ளைகளில் 78. சரி, உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். இரண்டரை கிலோமீற்றர் ஆறுதலாக மிதித்தால் 12 நிமிடம். போய்வர 25. ரியூசனையும் சேர்த்தால் 40 நிமிடம் தாண்டும். மைதானமும் வேண்டாம், காசும் வேண்டாம். களைத்த உடம்பு தானாக நித்திரை கொள்ளும்; காலை வெளிச்சம் முகத்தில் பட்டால் நித்திரை நேரமும் மெல்ல ஒழுங்குக்கு வரும். இப்போது அவள் வாங்கிலில் இருந்து ஸ்கூட்டிக்கு, ஸ்கூட்டியில் இருந்து வாங்கிலுக்கு, அப்புறம் போனுக்கு. இதில் களைப்பு எங்கிருந்து வரும்?

ஓட்டோக் காசு அனுப்புகிற உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். சுவிஸில் பாலர் வகுப்புப் பிள்ளைகள், கழுத்தில் ஒளிரும் முக்கோணப் பட்டியோடு, தாய் தகப்பன் இல்லாமல் நடந்து போவதை அவர் காணவில்லையா? அந்த ஊர்ப் பிள்ளைக்குக் கால் இருக்கிறது, தன் பிள்ளைக்கு இல்லையா?

பஸ்ஸுக்குப் பயப்படுவது நியாயம். காங்கேசன்துறை வீதியை விட்டு உள் ஒழுங்கைகளால் போகட்டும். முதல் கிழமை நீங்களும் ஒரு சைக்கிளில் கூடப் போங்கள், ஸ்கூட்டியில் அல்ல. பிறகு அதே பாதையில் வருகிற பிள்ளை ஒருத்தியோடு சேர்த்து விடுங்கள். சந்தியில் மோட்டார் சைக்கிளில் நின்று தொந்தரவு செய்கிற பெடியள் இருந்தால் அதிபரிடம் சொல்லுங்கள், பொலிஸுக்குப் போங்கள். அவன்களுக்காக உங்கள் மகளைக் கட்டிவைப்பது தாய் செய்கிற வேலை இல்லை. மாமியார் முகத்தைச் சுளித்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அவளிடம் அதைத் தள்ளாதீர்கள்.

மருந்து கேட்டீர்கள். இந்த வயதில் இரும்புச் சத்துக் குறைவாலும் சோர்வு வரும், ஆஸ்பத்திரியில் ஒருதரம் இரத்தம் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் கடையில் போத்தல் வாங்க வேண்டாம்.

சனிக்கிழமை அந்தத் தறப்பாளை அவிழுங்கள். இவ்வளவு காலம் சும்மா நின்ற ரியூப் வெடித்திருக்கும், பிரேக் கட்டையும் இறுகியிருக்கும். திருத்துகிற கடைக்கு அவளையே உருட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சீற்றை உயர்த்த வேண்டும், அவள் வளர்ந்திருப்பாள்.