கடல் தண்ணீர் ஊற்றலாம் என்று விற்கும் பொயிலர்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், லேத் வேலை தெரியும். என் 18 அடி ஃபைபர் படகுக்கு ஒரு சின்ன நீராவி எஞ்சினை நானே கடைந்து முடித்துவிட்டேன். சிலிண்டர் விட்டம் இரண்டேகால் அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் இரண்டு அங்குலம். பொயிலர்தான் இல்லை. ஒரு தரகர் 12 அங்குல விட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பொயிலர் ஒன்றைக் காட்டினார். “160 இறாத்தலுக்குக் காற்று அடித்துச் சோதித்தது, சேட்டிபிக்கட் இருக்கு, துருவே பிடிக்காது, உள்துறைமுகத்துத் தண்ணீரையே அள்ளி ஊற்றலாம்” என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். முற்பணம் கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்க வேண்டாம் தம்பி. கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

படத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்தத் தட்டையான மூடி. உங்கள் எஞ்சினுக்கு 80 இறாத்தல் அமுக்கம் தாராளமாகப் போதும். ஆனால் 80 இறாத்தல் என்பது ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 80 இறாத்தல். 12 அங்குல வட்டத்தில் 113 சதுர அங்குலம் இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 9,000 இறாத்தல் வரும், நாலு தொன்னுக்கும் மேல். அந்தப் பாரத்தைத் தாங்குவது விளிம்பைச் சுற்றிப் போட்ட ஒரு வரி வெல்டிங் மட்டும்தான். இரண்டு மூடியையும் உள்ளே இழுத்துப் பிடிக்க இழுகம்பியும் இல்லை, வரிசையாகக் குழாய்களும் இல்லை. ஜன்னல் கிறில் ஒட்டுகிறவரின் கைவேலை மாதிரித்தான் அந்த வரி தெரிகிறது.

அடுத்தது அந்தச் சேட்டிபிக்கட். இந்த ஒரு விடயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பொயிலரைக் காற்றடித்துச் சோதிக்கிறவனுக்குப் பொயிலர் என்றால் என்னவென்றே தெரியாது. லொறி டயர் வெடிக்கும்போது கடையே அதிர்வது நெருக்கிய காற்று விரிவதால்தான். தண்ணீர் நெருங்காது, அதனால் விரியவும் மாட்டாது. பொயிலரை விளிம்புவரை குளிர்ந்த தண்ணீரால் நிரப்பி, மேலே ஒரு குமிழிக் காற்றும் மிஞ்சாமல் வெளியேற்றி, கைப்பம்பால் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். புதுப் பொயிலருக்கு வேலை அமுக்கத்தின் இரண்டு மடங்கு, உங்களுக்கு 160. பிறகு வருடம்தோறும் ஒன்றரை மடங்கு, அதாவது 120. அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் மூடியில் நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள், பிதுங்கியிருக்கக் கூடாது. பலமில்லாத இடம் இருந்தால் ஒரு கீறல் விழும், தண்ணீர் பீச்சும், அவ்வளவுதான். அதே இடம் காற்றில் விட்டால் மூடி பறந்து ஆளை அடிக்கும். “காற்றடித்துச் சோதித்தது” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னாலே அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இந்த ரப்பர் முத்திரைக்காரர்கள் பிழைப்பது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். பொயிலர் பரிசோதனை பற்றிப் பேசும் எங்கள் இலங்கைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெயரே சொல்கிறது, அது தொழிற்சாலைக்கு. வீட்டு முற்றத்தில் ஒருவர் ஆசைக்குச் செய்யும் படகுப் பொயிலரைத் தூக்கிக்கொண்டு போனால், ஒரு மேசையில் “இது தொழிற்சாலை இல்லையே” என்பார்கள், அடுத்த மேசையில் “இது மீன்பிடி வள்ளம் இல்லையே” என்பார்கள். நானே ஒருமுறை மூன்று கந்தோர் ஏறி இறங்கி, கடைசியில் கொண்டுபோன கடிதத்தையே திரும்பக் கொண்டுவந்தேன். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இதே பொழுதுபோக்கில் இருப்பவர்களின் சங்கங்கள் தங்களுக்குள் பரிசோதகர்களை வைத்துப் பொயிலரைச் சோதித்துத் தாள் கொடுக்கின்றன. இங்கே கையெழுத்துப் போட ஆளில்லாத இடத்தில் தரகர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

சரி, அந்தப் பொயிலர் தண்ணீர்ச் சோதனையில் தேறினால் வாங்கலாமா? அப்போதும் வேண்டாம். துருப்பிடிக்காது என்பதுதான் அதில் இருக்கும் கண்ணி. உப்பில் இருக்கும் குளோரைட்டும் சூடும் இழுவையும் ஒன்றுசேரும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். 304 ரகம் ஆனாலும் 316 ரகம் ஆனாலும் இதே கதைதான். 60 பாகை செல்சியஸ் தாண்டினாலே அபாயம், உங்கள் பொயிலரின் உள்ளே 160 பாகைக்கு மேல் இருக்கும். சாதாரண இரும்பு துருப்பிடித்து, மெலிந்து, ஒழுகி எச்சரிக்கும். இது வெளியே பளபளவென்று இருந்துகொண்டே ஒரு நாள் வெடிக்கும். இன்றைய சோதனை இன்றைக்கு மட்டும்தான் சாட்சி.

கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உங்கள் எஞ்சின் மணிக்கு 20 லீற்றரளவு குடிக்கும். ஆவி போய்விடும், உப்பு போகாது. ஒரு மணி ஓட்டத்தில் 700 கிராம் உள்ளே தங்கும். மாரி காலத்தில் மகாவலி வெள்ளம் வந்து கொட்டியாரக் குடா கலங்கி, தண்ணீர் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும். அதை நம்பியும் ஊற்ற வேண்டாம். மாரி மழையைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். கடலோர வீடுகளில் கூரையிலேயே உப்புப் படிந்திருக்கும், முதல் மழையை ஓடவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

கடல் தண்ணீருக்கு உங்கள் படகில் ஒரேயொரு வேலை உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்தால் பெரிய லாபம். எஞ்சின் கக்கும் ஆவியைச் சும்மா வானத்துக்கு விடாமல், படகின் வெளிப்பக்கம், அடியில் நடுவே நீளும் ஏராவை ஒட்டி நீளமாக ஓடும் செப்புக் குழாய்க்குள் விடுங்கள். சுற்றியிருக்கும் கடல் அதைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும், நீங்கள் அதைத் திரும்பப் பொயிலருக்கே பம்ப் பண்ணலாம். மூன்று மணி ஓட்டத்துக்கு 60 லீற்றர் நல்ல தண்ணீர் சுமக்கத் தேவையில்லை. பெரிய கப்பல்கள் கடல் தண்ணீரைக் கொதிக்கவைப்பதைக் கைவிட்டதும் இப்படித்தான். சாமுவேல் ஹால் என்பவர் 1834 இல் காப்புரிமை எடுத்த வழியின் எளிய வடிவம் இது. ஒரு கவனம்: ஆவியோடு சிலிண்டர் எண்ணெயும் வரும். அது பொயிலருக்குள் படிந்தால் தண்ணீருக்கும் உலோகத்துக்கும் நடுவில் திரை போட்டு அந்த இடத்தைப் பழுக்கவைத்துவிடும். இடையில் ஒரு வாளி வைத்து அதில் காய்ந்த பீர்க்கங்காய் நாரை அடைத்து வடியுங்கள். பெரிய நீராவிக் கப்பல்களிலும் பீர்க்கு நார் போட்டுத்தான் வடித்தார்கள். குழாய் வழியில் எங்காவது கசிந்து கடல் உள்ளே வருகிறதா என்று வாரம் ஒருமுறை அந்த வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

படத்தில் இன்னொன்று. பாதுகாப்பு வால்வுக்குக் கீழே ஒரு அடைப்புக் குழாய்ப்பூட்டு தெரிகிறது. யாரோ ஒரு நாள் அதை மூடுவார்கள். பொயிலருக்கும் அந்த வால்வுக்கும் நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது. வால்வும் காற்றுக் கொம்பிரசரில் கழற்றிய குண்டூசித் துளை வால்வு. நெருப்பு முழுதாக எரிய, எஞ்சின் நிற்க, அந்த வால்வு ஒன்றே எல்லா ஆவியையும் விட்டு, முள்ளை 88 க்கு, அதாவது 80 ஐவிடப் பத்திலொரு பங்குக்கு, மேலே போகாமல் பிடிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: சீம்லெஸ், அதாவது மூட்டே இல்லாத இரும்புக் குழாய், அதன் மேல் தொழிற்சாலை அச்சடித்த இலக்கம் அழியாமல் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நின்ற நிலைப் பொயிலர், உள்ளே மேலிருந்து கீழாக நெருப்புக் குழாய்கள், அவையே மூடிகளை இழுத்தும் பிடிக்கும். வெல்டிங்கை அமுக்கக் குழாய் வேலையில் தேர்ச்சிச் சான்று உள்ளவரிடம் கொடுங்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி ஒன்று. தண்ணீர் ஏற்ற ஒன்றையொன்று நம்பாத இரண்டு வழி: ஒரு பம்ப் எஞ்சினில், ஒன்று கையில்.

இதற்கு ஆறு மாதமாவது ஆகும். அதுவரை எஞ்சினைச் சும்மா வைக்காமல், கராஜ் கொம்பிரசரிலிருந்து 20 இறாத்தல் காற்றை நேரே எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். வால்வு நேரம் சரியா, தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்ட் ஒழுகுகிறதா என்று இப்போதே தெரிந்துவிடும்.