மூச்சளவில் ஓர் உலகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயிர்பிழைத்தல் வகை வீடியோ கேம்களைப் பற்றிய உங்கள் குறிப்பில், மனிதர்கள் இடம் இடமாகக் கைப்பட வடிவமைத்த உலகங்களே சுற்றிப்பார்க்கத் தகுதியானவை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாட்டில் கணினி நிரலே 18-க்குப் பின்னால் 18 பூஜ்யங்கள் போடும் அளவுக்குக் கோள்களை உருவாக்கித் தருகிறது. 'மைன்கிராஃப்ட்' அதேபோல் ஒவ்வொரு முறையும் புதிய நிலத்தைத் தருகிறது. ஒரே நிலத்தை வைத்திருக்கும் விளையாட்டை ஒரு முறை முடித்துவிட்டால் பிறகு அதில் என்ன மிச்சமிருக்கும்? தவிர, அந்த உலகம் அவ்வளவு அழகானது என்றால், நிம்மதியாகப் பார்க்க விடாமல் பசி, தாகம், குளிர் என்று ஏன் நச்சரிக்க வேண்டும்? இவ்வளவுக்கும் பிறகு ஒன்றை விளையாடிப் பார்க்கலாம் என்றால் எதில் தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

2018-ல் முழுமையாக வெளிவந்த 'சப்நாட்டிக்கா'வில், விண்கலம் நொறுங்கி விழுந்தபின் கடல் சூழ்ந்த ஒரு கோளில் தனியாக மிதக்கிறீர்கள். தொடக்கத்தில் 45 விநாடிகள் மட்டுமே உங்களால் நீருக்குள் தாக்குப்பிடிக்க முடியும். கீழே ஒரு குகைவாய் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் கழித்தால் உள்ளே எட்டிப்பார்க்கச் சில விநாடிகளே மிஞ்சும். அந்த விநாடிகளில் கண்ணில் படும் ஒவ்வொரு பாறை விளிம்பையும் மனம் குறித்துக்கொள்கிறது. முதல் காற்றுக் கலனைச் செய்து முதுகில் மாட்டியதும் 45 விநாடிகள் 75 ஆகின்றன, அதே குகை வேறொரு இடமாகிவிடுகிறது. பிறகு 'சீமோத்' என்ற சிறு நீர்மூழ்கி கிடைக்கிறது. அதுவும் 200 மீட்டருக்குக் கீழே போனால் நீரழுத்தத்தில் நசுங்கத் தொடங்கும். மற்ற விளையாட்டுகளில் பூட்டிய கதவு செய்யும் வேலையை இங்கே நுரையீரலும் நீரழுத்தமும் செய்கின்றன. தூரத்துக்கு ஒரு விலை இருப்பதால்தான் அந்தக் கடலில் தூரம் என்ற ஒன்று இருக்கிறது.

நீங்கள் வெறுக்கும் பசியையும் தாகத்தையும் நீக்கிவிட்டு விளையாட அதிலேயே 'ஃப்ரீடம்' என்றொரு முறை உண்டு. அப்படி விளையாடினாலும் அந்தக் கடல் பெரிதாக எதையும் இழப்பதில்லை என்பேன். ஆனால் 'கிரியேட்டிவ்' முறைக்குப் போய் மூச்சுக் கணக்கையும் எடுத்துவிட்டால், பார்த்துப் பார்த்துச் செய்த அதே பவளத்திட்டுகள் வெறும் திரைக்காட்சியாகிவிடுகின்றன. ஆகவே உங்கள் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. நிலத்தோடு தொடர்பில்லாமல், எங்கே இருந்தாலும் ஒரே வேகத்தில் குறைந்துகொண்டே வரும், திரையில் பசியைக் காட்டும் பட்டை வெறும் எடுபிடி வேலைதான். அதை எவ்வளவு திட்டினாலும் நான் தடுக்க மாட்டேன்.

உடலின் தேவையையும் நிலத்தின் அமைப்பையும் பொருத்துவதற்குத்தான் மனிதக் கை வேண்டியிருக்கிறது. அதே கடலில், உங்களுக்கு முன்பே விபத்துக்குள்ளான ஒரு குழுவினர் கட்டிய மூன்று குடியிருப்புகள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. முதலாவது நீருக்கு மேலே, மிதக்கும் ஒரு தீவில் இருக்கிறது. இரண்டாவது ஒளிரும் காளான்கள் நிறைந்த குகையில், ஏறத்தாழ 250 மீட்டர் ஆழத்தில். மூன்றாவது ஏறத்தாழ 500 மீட்டரில். அவர்கள் விட்டுச்சென்ற குரல்பதிவுகளைக் கேட்டபடி நீங்களும் படிப்படியாக இறங்குகிறீர்கள். ஒவ்வொரு ஆழத்துக்கும் போகும் திறன் உங்களுக்குக் கைகூடும் நேரத்தில்தான் அங்கே போவதற்கான காரணமும் வந்து சேர்கிறது. நிரல் ஒன்று கோடிக்கணக்கில் குகைகளைக் குடைந்துவிடலாம், ஆனால் இந்தக் குகைக்கு வருபவர் எதைக் கேட்டுவிட்டு, எவ்வளவு காற்றோடு, எதற்குப் பயந்தபடி வருகிறார் என்று அதற்குத் தெரியாது. இத்தனைக்கும் அந்த விளையாட்டு உங்களுக்கு வரைபடமே தருவதில்லை.

நிரல் உருவாக்கும் உலகங்களை நான் மட்டமாக நினைக்கவில்லை. 'வால்ஹைம்' விளையாட்டில் முதன்முறையாகக் கப்பல் கட்டிப் பனிமூட்டத்துக்குள் செலுத்தும் கிளர்ச்சிக்கு ஈடாகச் சிலவற்றையே சொல்ல முடியும். ஆனால் 'மைன்கிராஃப்ட்' விளையாடிய யாரிடமாவது மறக்க முடியாத இடம் எது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் தாங்கள் கட்டிய வீட்டைத்தான் சொல்வார்கள். அங்கே நிலம் கச்சாப்பொருள், கட்டுவதுதான் இன்பம். உங்கள் கேள்வி சுற்றிப்பார்ப்பதைப் பற்றியது என்பதால் கைப்பட வடிவமைத்ததன் பக்கம் நிற்கிறேன்.

ஒருமுறை முடித்தபின் என்ன மிச்சம் என்பது சரியான கேள்வி. 'சப்நாட்டிக்கா'வின் அச்சம் இரண்டாம் முறை திரும்புவதில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். பனிக்காட்டில் உயிர்பிழைக்க வேண்டிய விளையாட்டான, கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனத்தின் 'தி லாங் டார்க்' இதற்கு வேறு வழி கண்டிருக்கிறது. அதில் மலைகளும் ஏரிகளும் மாறுவதேயில்லை. குடிலுக்குள் என்ன கிடைக்கும், வானிலை எப்போது கெடும் போன்றவை ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. வரைபடம் வேண்டுமென்றால், அணைந்த தீயிலிருந்து எடுத்த கரித்துண்டால் நீங்களே சுற்றுப்புறத்தை வரைந்துகொள்ள வேண்டும். பனிப்புயலில் அதுவும் முடியாது. 'மிஸ்ட்ரி லேக்' பகுதியில் கை நீட்டிய தூரம்கூடத் தெரியாத புயல் அடிக்கும்போது, காலடியில் தண்டவாளம் தட்டுப்பட்டால், அதைப் பிடித்துக்கொண்டே போய் ஒதுங்க ஓர் இடம் தேடிக்கொள்ளலாம் என்று பழகியவருக்குத் தெரியும். புதியவர் அதே இடத்தில் உறைந்து சாவார். எந்தப் பாறையின் மறைவில் காற்று அடிக்காமல் தீ மூட்டலாம் என்பதும் அப்படிச் சேரும் அறிவுதான். அந்த நிலம் மாறாமல் இருப்பதால்தான் நீங்கள் கற்றது அடுத்த ஆட்டத்திலும் செல்லுபடியாகிறது. ஒவ்வொரு முறையும் மாறும் உலகத்தில் விதிகளைக் கற்கலாம், ஊரைக் கற்க முடியாது.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் வந்த 'மயாஸ்மாட்டா', சகோதரர்கள் இருவர் சேர்ந்து செய்தது. அதில், இருக்குமிடம் தெரிந்த இரண்டு அடையாளங்களைப் பார்த்துக் கோடு போட்டால்தான் நீங்கள் நிற்கும் இடமே வரைபடத்தில் தெரியும். விளையாட்டாகப் பார்த்தால் கரடுமுரடானது, சரிவில் கொஞ்சம் வேகமாக இறங்கினால் உருண்டு விழுவீர்கள். ஆனாலும் ஒரு மலைமுகட்டை அவ்வளவு கவனமாகப் பார்க்கவைத்த விளையாட்டு வேறில்லை. மாறாக, 2019-ல் வந்த 'கிரீன் ஹெல்' அமேசான் காட்டைக் கைப்பட அமைத்திருந்தும், அட்டை கடித்த கைகால்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதிலேயே நம் கவனம் போய்விடுகிறது. உங்கள் மனநிலைக்கு அது ஒத்துவராது.

'சப்நாட்டிக்கா'வை 'ஃப்ரீடம்' முறையில் தொடங்குங்கள். ஆழ்கடல் பயம் இருந்தால் 'கிரவுண்டட்' நல்லது. எறும்பளவுக்குச் சுருங்கி ஒரு வீட்டுத் தோட்டத்தில் அலைய வேண்டும், சிலந்தியைக் கண்டால் நடுங்குபவர்களுக்காக அதன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. எதை எடுத்தாலும், இணையத்தில் ரசிகர்கள் போட்டுவைத்திருக்கும் வரைபடங்களை முதல் ஆட்டத்தில் திறக்காதீர்கள். 'சப்நாட்டிக்கா'வில் சீமோத் செய்து முடிக்கும்வரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்தத் திசையில் போகக்கூடாது என்பதை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.