ஏழும் எட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் 'டிசிப்ளின்' பற்றி எழுதியபோது அதை 'ஆட வைக்கும் ஆல்பம்' என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது பிடிபடவில்லை. ப்ராக்ரஸிவ் ராக்கைக் கல்லூரி நாட்களிலிருந்து கேட்டு வருகிறேன். உட்கார்ந்து, கண்ணை மூடி, கணக்குப் போட்டுக் கேட்கிற இசை அது. ஃபங்க் என்கிற அமெரிக்க நடன இசை உடம்புக்கானது. ஒரே தாளக்கட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். இரண்டையும் கலந்தால் இரண்டுமே நீர்த்துப் போகாதா? எண்பதுகளில் பழைய குழுக்கள் வானொலிக்காக வளைந்து கொடுத்ததைத்தான் நீங்கள் பாராட்டுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

'உடம்புக்கானது' என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பெர்னி வொரெல் என்று ஒரு கீபோர்டு கலைஞர். மூன்று வயதில் பியானோ கற்கத் தொடங்கி, எட்டு வயதில் ஒரு கான்செர்ட்டோ எழுதியவர். ஜூலியார்டிலும் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியிலும் முறையாகப் படித்தவர். அவர் போய்ச் சேர்ந்த இடம் ஜார்ஜ் க்ளின்டனின் ஃபங்க் குழுவான பார்லமென்ட்-ஃபங்கடெலிக். அவர்களுடைய 'ஃப்ளாஷ் லைட்' பாட்டில் அடியில் நெளிந்து நெளிந்து போகும் அந்த பாஸ், அதாவது கீழ்ச்சுருதி ஓசை, கிட்டாரில் வந்ததில்லை. மூக் சிந்தசைசரில் வொரெல் வாசித்தது. அதைக் கேட்டால் கால் தானாக அசையும். ஆனால் அந்த விரல்களுக்குப் பின்னால் இருக்கும் படிப்பைப் பார்த்தால், தலைக்கு ஒன்று உடம்புக்கு ஒன்று என்று பங்கு பிரிக்க மனம் வராது.

இதே வொரெல் 1980இல் டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவின் மேடையில் இருந்தார். 'ரிமெயின் இன் லைட்' ஆல்பத்தை மேடையில் வாசிக்க நான்கு பேர் போதாமல் குழுவைப் பெரிதாக்கினார்கள். அதில் கிட்டார் வாசிக்க வந்தவர் ஏட்ரியன் பிலூ. அடுத்த ஆண்டு கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் புதிதாகக் கட்டிய கிங் கிரிம்சனில் பாடகரும் இரண்டாவது கிட்டாரும் அதே பிலூதான். ஃபங்க் அந்தக் குழுவுக்குள் வந்த வழிகளில் இது ஒன்று. பார்லமென்ட்-ஃபங்கடெலிக்கின் ஆளோடு மேடையில் தோளோடு தோள் நின்று வாசித்த ஒருவரின் கைகளில் அது வந்தது. வானொலிக்கு வளைந்ததாக இதை எப்படிச் சொல்ல முடியும்?

சரி, இசைக்கு வருவோம். 'டிசிப்ளின்' ஆல்பத்தில் 'தெலா ஹன் ஜின்ஜீத்' பாட்டைக் கேளுங்கள். பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம், 'ஹீட் இன் த ஜங்கிள்' என்பதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டது. அதில் ஃப்ரிப்பின் கிட்டார் ஏழு ஏழாக ஓடுகிறது. டிரம்ஸ் நாலுக்கு நாலு. அரையரையாக எண்ணினால் ஒருவருக்குச் சுற்று ஏழு, மற்றவருக்கு எட்டு. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டார் ஒரு அரைத்தட்டு முன்னால் போய்விடும். கிட்டார் எட்டு முறை சுற்றி, டிரம்ஸ் ஏழு முறை சுற்றி முடிக்கும்போது, ஐம்பத்தாறாவது அரைத்தட்டு தாண்டி, இருவரும் மறுபடி ஒன்றாக இறங்குவார்கள்.

நீங்கள் சொல்கிற கணக்கு இதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு நமக்கு உறைப்பது, டிரம்ஸில் பில் ப்ரூஃபோர்டும் பாஸில் டோனி லெவினும் இடத்தை விட்டு நகராமல் நிற்பதால்தான். ஃபங்கின் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் ஓயாமல் கேட்டது முதல் தட்டை: 'த ஒன்'. மற்றது எப்படிப் போனாலும் அந்த ஒன்றில் எல்லோரும் விழ வேண்டும். தாளச் சுற்றின் முதல் தட்டை நாம் சமம் என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த உறுதி. அது இல்லாவிட்டால் ஏழு வெறும் தடுமாற்றமாகக் கேட்கும். இருந்தால் அதே ஏழு நம்மை இழுக்கும். அதனால்தான் ஆட வைக்கிறது என்று எழுதினேன், இப்போதும் அதையேதான் சொல்வேன்.

லெவின் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் வாசித்தது சாப்மன் ஸ்டிக், பத்துத் தந்திகள். மீட்டுவதில்லை, இரண்டு கை விரல்களாலும் தட்ட வேண்டும். அதே ஆல்பத்தின் 'எலிஃபன்ட் டாக்' பாட்டுத் தொடக்கத்தில் தனியாகக் கேட்கலாம். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் பாஸ் கிட்டார் கலைஞர் லாரி கிரஹாம் ஞாபகம் வரும். அம்மாவோடு சேர்ந்து வாசித்த நாட்களில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. அதனால் பாஸ் தந்தியைக் கட்டைவிரலால் அறைந்து பெரிய டிரம்மின் சத்தத்தையும், இழுத்து விட்டு ஸ்நேர் என்கிற சிறிய டிரம்மின் சத்தத்தையும் அவரே கொண்டு வந்தார். ஃபங்கின் ஸ்லாப் பாஸ் பிறந்தது அப்படித்தான். இரண்டு கருவிகளிலும் தந்தியே தாளமாகிவிடுகிறது.

'நீர்த்துப் போகாதா' என்ற பயத்தில் நியாயம் உண்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஏழில் நடக்கும், சாக்ஸபோனும் ஏழிலேயே வாசிக்கும், கிட்டார் தனி வந்ததும் நாலுக்கு மாறிவிடும். அழகான மாற்றம்தான். ஆனால் அங்கே ஏழும் நாலும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கிரிம்சனில் ஒரே அறை, ஒரே நேரம். இரண்டில் எதுவும் மற்றதற்காகக் குறைந்து போகவில்லை.

அப்புறம், 'தெலா ஹன் ஜின்ஜீத்' பாட்டின் நடுவில் பதற்றமாக ஒருவர் பேசுவது கேட்கும். அது பிலூ. பாட்டுக்காகத் தெருச் சத்தம் பிடிக்க டேப் ரெக்கார்டரோடு லண்டன் நாட்டிங் ஹில் பக்கம் போனபோது ஒரு கும்பல் அவரைச் சூழ்ந்து மிரட்டியது. நடுங்கிப் போய் ஸ்டுடியோவுக்குத் திரும்பி நடந்ததைச் சொல்ல, அவருக்குத் தெரியாமல் அதைப் பதிவு செய்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்குத் தாளமே கிடையாது. மூச்சு வாங்குகிறது, வார்த்தை இடறுகிறது. கீழே ஏழும் எட்டும் தங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஒன்று செய்யுங்கள். முதல் தடவை கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் கேளுங்கள். அடுத்த தடவை, தட்டுவதை நிறுத்தாமல், காதை மட்டும் ஃப்ரிப்பின் கிட்டாருக்குக் கொடுங்கள். கை நாலிலேயே நிற்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.