லாச்சியில் ஏறும் கால்

அன்புள்ள அக்கா,

கத்தாரில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய பணத்தில் 55 அங்குல டி.வி. வாங்கப் போகிறோம். எடை 15 கிலோ என்று கடையில் சொன்னார்கள். வீட்டில் மூன்று லாச்சி (இழுப்பறை) வைத்த மரச்சீவல் பலகை மேசை ஒன்று இருக்கிறது. 25 கிலோ தாங்கும் என்று அதனுடன் வந்த தாளில் போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஆசாரி வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது? லயக் காம்பராவுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறைக்கு) இவ்வளவு பெரிய டி.வி. எதற்கு என்று உறவினர்களும் பேசுகிறார்கள். அண்ணனின் மகனுக்கு மூன்று வயது. அவன்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

எஸ்., பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

உறவினர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அண்ணன் வெயிலில் நின்று சம்பாதித்த பணம். அதற்கு ஊரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டி.வி.யின் எடையை எழுதினீர்கள், மேசை தாங்கும் எடையை எழுதினீர்கள். பிள்ளையைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. போன வாரம்தான் ஒரு பழைய மேசையை உடைத்து அடுப்படிக்குப் பின்னால் போட்டேன். அதன் கதையைச் சொல்கிறேன்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஹட்டனில் வாடகை வீட்டில் இருந்தேன். 30 கிலோ தாங்கும் என்று சொல்லி ஒரு கடையில் அந்த மேசையை விற்றார்கள். மேலே 32 அங்குல டி.வி., ஆறு கிலோகூட வராது. தங்கையின் மகள், நாலு வயது, ரிமோட்டை எடுக்கக் கீழ் லாச்சியை இழுத்தாள். பிறகு அதையே படியாக்கி ஏறினாள். அவள் எடை 14 கிலோ. கூட்டிப் பாருங்கள், 20தான். 30க்கு இன்னும் பத்துக் கிலோ மிச்சம். மேசை அப்படியே முன்னால் கவிழ்ந்தது. டி.வி.யின் விளிம்பு அவளுடைய காறை எலும்பில் விழுந்து எலும்பு முறிந்தது. பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் சொன்ன எண் பொய்யில்லை, தம்பி. அது நேராக, அசையாமல் வைத்த பாரத்துக்கான எண். லாச்சியை இழுத்ததும் பாரம் முன்னால் வருகிறது. அதில் ஒரு பிள்ளையின் காலும் சேர்ந்தால் மேசையின் முன்கால்தான் அச்சு, மீதி எல்லாம் அதைச் சுற்றிப் புரளும்.

இது என் அம்மாவுக்கு எந்தத் தாளும் இல்லாமல் தெரிந்திருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை இறங்குவாள். மடுவத்தில் நிறுத்துப் பார்த்தால் 20 கிலோ. “தராசில்தான் அது 20. இறக்கத்தில் அது 20 இல்லை” என்பாள். வழுக்குப் பாறைக்கு வந்ததும் குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் தேயிலைத் தூரைப் பிடித்துக்கொள்வாள். முப்பது வருடம் இறங்கியவள். அவளைப் பிடிக்கத் தேயிலைத் தூர் இருந்தது. உங்கள் மேசையைப் பிடிக்க என்ன இருக்கிறது?

எங்கள் முதல் டி.வி. இருந்தது பழைய தேயிலைப் பெட்டியின் மேல். 21 அங்குலக் குழாய் டி.வி., 20 கிலோவுக்கு மேல் இருக்கும், கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில். பெட்டி மெல்லிய ஒட்டுப்பலகைதான். ஆனால் நான்கு மூலையிலும் உள்ளே சட்டம், விளிம்பெல்லாம் தகரப்பட்டை. உள்ளே ஈயத்தாள், பக்கத்தில் தோட்டத்தின் பெயர், கறுப்பு மையில். 40, 50 கிலோ தூளைச் சுமந்து, கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதற்குச் செய்தது அது. 1996 மார்ச் 17, லாகூரில் இலங்கை உலகக் கிண்ணம் வென்ற இரவு, அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்குள் பாதி லயம் இருந்தது. அரவிந்த டி சில்வா சதம் அடித்தபோது எல்லோரும் எழும்பிக் குதித்தார்கள், பெட்டி ஆடவில்லை. அப்பா அதைச் சுவரோடு ஒட்டிக் கம்பியால் கட்டியிருந்தார். அதில் இழுக்க லாச்சியும் இல்லை, ஏற இடமும் இல்லை.

உங்கள் மேசை மரச்சீவலைப் பசை போட்டு அழுத்திய பலகை. பொகவந்தலாவையில் மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும். அந்தப் பலகையின் வெட்டு விளிம்பில் ஈரம் ஏறினால் தேநீரில் நனைத்த பிஸ்கட்டைப் போல ஊதும். பிறகு திருகாணி பிடிக்காது. என் மேசையை உடைத்தபோது கீழ்விளிம்பை விரலால் நசுக்கினேன், தூளாகக் கொட்டியது. ஆசாரி இதைத்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள். பலகை நடுவில் வளையுமோ என்ற பயம் மட்டும் வேண்டாம். இந்தக் காலத்துப் பெரிய டி.வி. பலவற்றுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன், மேசையின் நீளம் எங்கே? எடையை எழுதியவர் நீளத்தை எழுத மறந்தீர்களே! 55 அங்குல டி.வி. குறுக்கே நாலு அடி. பெரும்பாலும் கால்களுக்கிடையே மூன்றடிக்குக் குறையாது. மூன்றடி மேசையில் கால்கள் விளிம்பில் நிற்கும், அல்லது நிற்கவே இடமிருக்காது. கடைக்குப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டு போங்கள்.

சுவரில் பூட்டலாம் என்பீர்கள். பழைய லயச் சுவர் பல இடங்களில் கருங்கல்லும் மண்சாந்தும். பூச்சில் மட்டும் திருகாணி போட்டால் ஒரு இழுப்புக்குக் கையோடு வந்துவிடும். இரண்டு மூன்று இடத்தில் கல்லைப் பிடிக்கும்படி ஒரு நீளப் பலகையை அடித்து, மேசையையும் டி.வி.யையும் பட்டை போட்டு அந்தப் பலகையில் பூட்டச் சொல்லுங்கள். பட்டையை நீங்கள் முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். ரிமோட்டை மேசையின் மேல் வைக்கவே வேண்டாம்.

டி.வி. வருவதற்கு முன், இன்றைக்கே, கீழ் இரண்டு லாச்சிகளையும் ஆணி அடித்து மூடுங்கள். அண்ணன் மகன் அழுதால் அழட்டும். அம்மாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.